பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான்

பதுளையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எஞ்சின் ஓட வேண்டும், ஆனால் ஓடுகிற சத்தம் காதில் விழக்கூடாது. பசறை வீதியில் இருபத்தெட்டு வருடமாக ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற எனக்கு இந்த வியாதிக்காரர்களின் முகம் தூரத்திலேயே தெரியும். அவர்கள் மனம் குளிர்வதற்காக வால்வை இறுக்கி, சத்தத்தை அடக்கி, சிரித்த முகத்தோடு அனுப்பிவைக்கிற பாஸ்மார்களையும், அதாவது கராஜ் மெக்கானிக்குகளையும், தெரியும். "அப்படிச் செய்ய மாட்டேன், வேண்டுமானால் வேறு கராஜுக்குப் போங்கள்" என்று கார்க்காரரின் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் நிரஞ்சலா. இது அவளைப் பற்றியது. நடுவில் நானும் கொஞ்சம் வருவேன். நான் வருகிற இடம் எனக்குப் பெருமை சேர்க்கிற இடம் அல்ல.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மொரிஸ் மைனர் காரின் எஞ்சினில் எட்டு வால்வுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வால்வின் தலையிலும் ஒரு சிறிய இரும்புக் கை வந்து தட்டித் திறந்துவிட்டுப் போகும். அதற்கு ரொக்கர் என்று பெயர். ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஒரு கலியாணக் கார்டின் தடிப்பளவு இடைவெளி இருக்க வேண்டும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பன்னிரண்டு பங்கு. கராஜில் "பன்னெண்டு" என்றாலே போதும், எல்லோருக்கும் விளங்கிவிடும். அந்த இடைவெளி இருந்தால் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வரும். இடைவெளியைக் குறைத்தால் சத்தம் போய்விடும். சத்தம் போனதும் கார்க்காரர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். எஞ்சின் சூடானால் வால்வு நீளும். நீளுவதற்கு இடமில்லாவிட்டால் அது முழுதாக மூடாது. மூடாத வால்வின் விளிம்பை நெருப்பு தின்னத் தொடங்கும். சமதரையில் ஓட்டுகிறவர்கள் இதோடு கொஞ்ச காலம் தப்பிக்கலாம். நமது ஊவா மாகாணத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்.

நிரஞ்சலாவுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, இருபத்து நான்காவது வயதில் பதுளைக்கு வந்தவள். என் கடைக்கு எதிரில் முன்ஸிப் முதலாளியின் கராஜ். அங்கே மண்ணெண்ணெய்த் தட்டில் சாமான் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். எண்ணெயும் கரியும் பிடித்த பாகங்களை பாஸ்மார்கள் கழற்றி எறிவார்கள். அவள் கழுவித் துடைத்து வைப்பாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிஸ்கட் பெட்டி மூடியில் எட்டு ஓட்டை போட்டு, ரொக்கரைத் தள்ளுகிற எட்டுக் கம்பிகளையும் வந்த வரிசையிலேயே அதில் குத்தி வைப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலாளியின் தங்கை மகன் றில்வான்தான் அங்கே தலைமை பாஸ். வேலை தெரிந்தவன், கைவேகம் உள்ளவன். தன் வேகத்தில் தானே மயங்குகிற குணமும் உண்டு. ஒரு நாள் ஓஸ்டின் கார் ஒன்றைப் பூட்டும்போது அவன் கம்பிகளை மூடியிலிருந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போனான். "மூணாவதுல ஆறாவதோட கம்பிய போட்டுட்டீங்க" என்று மண்ணெண்ணெய்த் தட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கராஜே சிரித்தது. எஞ்சினை ஓடவிட்டபோது அது சிரிக்கவில்லை. மறுபடி கழற்றிப் பார்த்தார்கள். மூன்றாவதில் ஆறாவதின் கம்பி இருந்தது.

அடுத்த வாரம் அவள் என் கடைக்கு வந்து பீலர் கேஜ் ஒன்று கேட்டாள். விசிறிபோல விரிகிற மெல்லிய இரும்புத் தகடுகள் அவை. ஒவ்வொரு தகட்டிலும் அதன் தடிப்பு எண் பொறித்திருக்கும். கராஜில்தான் இருக்கிறதே, உனக்கெதற்கு என்று கேட்டேன். அதில் பன்னிரண்டாம் தகடு தேய்ந்துபோய்ப் பதினொன்றாகிவிட்டது என்றாள். நான் நம்பாமல் எதிரே போய் என் மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. எத்தனை வருடம் அந்தத் தகட்டால் இந்த ஊர்க் கார்களை அளந்தார்களோ தெரியாது.

அப்படித்தான் வால்வு வேலை அவள் கைக்கு வந்தது. கார் சாமான்களைக் கழுவிக்கொண்டே அவள் ஒரு கணக்கைக் கண்டுபிடித்திருந்தாள். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதை அளக்க வேண்டும். ஆறாவது திறந்து நிற்கும்போது மூன்றாவதை. இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். புத்தகங்களில் இருக்கிற கணக்குத்தான், ஆனால் அவள் புத்தகம் பார்க்கவில்லை. முன்பக்கத்து ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தே பிடித்திருந்தாள். வாகன இறக்குமதியை நிறுத்திய வருடங்களில் பழைய கார்களுக்கு மவுசு ஏறியது. ஷெட்டில் கோழி அடைத்து வைத்திருந்த கார்களெல்லாம் வெளியே வந்தன. முன்ஸிப் முதலாளியின் கராஜ் அந்தக் கார்களால்தான் நிமிர்ந்து நின்றது. அந்தக் கார்களின் வால்வுகள் எல்லாம் நிரஞ்சலாவின் கையில் இருந்தன.

அவளுடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ரொக்கரின் நுனியில் ஒரு திருகாணி இருக்கும். அதைத் திருகித்தான் இடைவெளியைக் கூட்டுவதும் குறைப்பதும். அது அசையாமல் இருக்க மேலே ஒரு நட்டு. நட்டை இறுக்கும்போது திருகாணியும் கூடவே கொஞ்சம் சுற்றிக்கொள்ளும். ஆகவே இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்க வேண்டும். பாதிப்பேர் அளக்க மாட்டார்கள். அவள் அளப்பாள். அளந்து முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து சிவப்பு கியூடெக்ஸ் போத்தலை எடுத்து, திருகாணியிலும் நட்டிலும் சேர்த்து ஒரு கோடு இழுப்பாள். எட்டுக்கும் எட்டுக் கோடு. எஞ்சினுக்குப் பொட்டு வைக்கிறாள் என்று றில்வான் பகிடி பண்ணுவான். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பொம்பளை கையில் நகப்பூச்சு இருந்தால் அது அலங்காரம் என்று ஆம்பளைகள் முடிவு கட்டிவிடுகிறோம். நானும் கேட்கவில்லை.

இந்த வருடம் மார்ச் மாதத்தில் செல்வரத்தினம் ஐயா தன்னுடைய மொரிஸ் மைனரைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நில அளவையாளராக இந்தப் பகுதிக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் பதுளையை விட்டுப் போகாதவர். ஐம்பத்தொன்பதாம் வருடத்துக் கார். சித்திரை வருடப் பிறப்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, இங்குள்ள பழைய கார்க்காரர்கள் பதினொரு பேர் வரிசையாக நுவரெலியாவுக்குப் போவதாக ஏற்பாடு. அதில் தன் கார்தான் சத்தமே இல்லாத கார் என்று பெயரெடுக்க வேண்டும் என்பது ஐயாவின் ஆசை.

நிரஞ்சலா திறந்து பார்த்துவிட்டு, ரொக்கர்களின் முகம் குழி விழுந்திருக்கிறது என்றாள். குழியின் மேலே தகட்டை வைத்தால் தகடு இரண்டு விளிம்பிலும் தங்கி நிற்கும், குழியை அளக்காது. எத்தனை பேர் அளந்தாலும் பன்னிரண்டு என்றுதான் காட்டும், உள்ளே இருபது இருக்கும். அதனால்தான் அந்தக் கார் இத்தனை வருடம் தடதடவென்று ஓடியிருக்கிறது. கொழும்பில் பழைய கார் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்து எட்டு ரொக்கரும், அவை கோர்த்து நிற்கிற தண்டும், நான்கு புகை வால்வும் நான் எடுப்பித்துக் கொடுத்தேன். அவள் வால்வுகளைப் பசை போட்டு அரைத்து உட்காரவைத்தாள். ரொக்கர்களைப் பூட்டினாள். பன்னிரண்டுக்கு வைத்தாள். கோடு போட்டாள்.

செல்வரத்தினம் ஐயா வந்து பொனட்டில் காதை வைத்தார். பழைய தடதடப்பு போயிருந்தது. டிக் டிக் இருந்தது. அவருடைய முகம் சுருங்கியது.

"இதென்ன பிள்ளை, சத்தம் போகேல்லையே. சத்தத்தைப் போக்கத்தானே குடுத்தனான்."

"முன்னாடி வந்தது தேஞ்ச சத்தம் ஐயா. இது இடைவெளியோட சத்தம். இது இருக்கணும்."

அவர் தனக்கு அது வேண்டாம் என்றார். அவள் அப்படியானால் வேறு கராஜுக்குக் கொண்டுபோங்கள், என் கையால் இறுக்க மாட்டேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள். முன்ஸிப் முதலாளி பதறிப்போய் நடுவில் வந்தார். நாளைக்கு வாருங்கள் ஐயா, நீங்கள் சந்தோஷப்படுகிற மாதிரி செய்து தருகிறோம் என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் ஐந்து மணிக்கு நிரஞ்சலா மகள் விதுஷாவை டியூஷனிலிருந்து கூட்டிப்போகக் கிளம்பிவிட்டாள். ஐந்தரைக்கு ஐயா வந்தார். றில்வான் எஞ்சினை ஓடவிட்டு, ரொக்கர்களின் மேல்மூடியைக் கழற்றி, ஓடுகிற எஞ்சினிலேயே ஒவ்வொரு திருகாணியாக இறுக்கினான். தகடு எடுக்கவில்லை. காதுதான் அளவு. ஒவ்வொரு டிக்காக அடங்கிக்கொண்டு வந்தது. எட்டும் அடங்கியதும் ஐயா கைதட்டினார். நான் என் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று முதலிலிருந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று எனக்குத் தெரியும். என் வியாபாரத்தில் பாதி அந்தக் கராஜோடு. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு கார்களும் போயின. செல்வரத்தினம் ஐயாவின் கார் போனதே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. ஹாலி எல தாண்டி, வெலிமடை வரைக்கும் அவர்தான் ராஜா. கெப்பட்டிப்பொல தாண்டிய ஏற்றத்தில் எஞ்சின் முனகத் தொடங்கியது. பிறகு பின்பக்கம் பட் பட் என்று வெடித்தது. பிறகு நின்றுவிட்டது. மற்றப் பத்துக் கார்களும் ஹோர்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. அன்று பின்னேரம் மொரிஸ் மைனர் லீக்ஸ் மரக்கறி ஏற்றுகிற லொறியில் பதுளைக்குத் திரும்பி வந்தது. அதைப் படம் பிடித்து யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். கார் கூரையில் இரண்டு லீக்ஸ் கட்டு.

வருடப் பிறப்பு கழிந்து கராஜ் திறந்த அன்று ஐயா வந்தார். கோபத்தில் ஒரே பேச்சைத்தான் பேசினார்: எழுத்தில் வேண்டும். யார் கையால் இந்த எஞ்சின் கெட்டதோ அந்த ஆள் தன் பிழையை ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, கையெழுத்து வைத்துத் தர வேண்டும். அதை மற்றப் பத்துப் பேருக்கும் அவர் காட்டுவார். தராவிட்டால் அந்தப் பத்துக் கார்களில் ஒன்றுகூட இந்த வாசலுக்கு வராது.

முதலாளி ஒரு நிமிடம் றில்வானைப் பார்த்தார். றில்வான் தரையைப் பார்த்தான். பிறகு முதலாளி மேசையில் உட்கார்ந்து தானே கடிதத்தை எழுதினார். எழுதி நிரஞ்சலாவிடம் நீட்டினார். கீழே பெயர் எழுதி வைத்திருந்தார், கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். எஞ்சினைப் பூட்டியது அவள்தான், றில்வான் சத்தத்தை மட்டும்தானே அடக்கினான் என்று ஐயாவும் நினைத்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டால் பழையபடி வேலை. போடாவிட்டால், அவர் என்ன செய்வார், இரண்டு வாரம் வீட்டில் இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றார். அந்தப் பிறகு பார்ப்போமின் அர்த்தம் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எஞ்சினைக் கெடுத்தாள் என்று அனுப்பப்பட்டவளை வால்வு வேலைக்கு இன்னொரு கராஜ் எடுக்காது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவளையும் எடுக்காது. மண்ணெண்ணெய்த் தட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு தரம் வாசித்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? போட்டுக் கொடுத்துவிடம்மா, ஒரு கையெழுத்துத்தானே, நாளைக்கு எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றேன். எல்லாவற்றையும் பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்போதுதான் அவள் மடுல்சீமைக் கதையைச் சொன்னாள். பதினைந்து வருடத்துக்கு முந்தியது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு முள் வெறும் கூடைக்கே முக்கால் கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். தராசைப் பற்றிப் பொய் சொல்கிறாள் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தோட்டத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பிழை யார் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் மறுபடி பெயர் பதிவார்கள், கொடுக்காவிட்டால் இல்லை. தொழிற்சங்கத் தலைவரே எழுதிக்கொண்டு வந்து கையெழுத்து வாங்குவார். அதுதான் அவர் செய்கிற உதவி. அவளும் போட்டாள். மறுநாள் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னால் அதை வாசித்தார்கள். அடுத்த வாரம் அதே தராசு அதே முக்கால் கிலோவோடு நின்றது. அதைச் சொல்ல இப்போது ஒருத்தரும் இல்லை, ஏனென்றால் சொன்னவள் பொய்க்காரி என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"அதே எழுத்துண்ணே" என்று கடிதத்தைக் காட்டினாள். "எனது கவனயீனத்தால், மனம் வருந்துகிறேன், இனிமேல் நடக்காது. ஒரு சொல்லு மாறல. ஒரு தடவ போட்டேன், தோட்டத்த விட்டே வரவேண்டியதாயிருச்சு. இன்னொரு தடவ போட்டா நான் எங்க போறது?"

எழுந்து கராஜுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். எதற்குப் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

காரின் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செல்வரத்தினம் ஐயாவைக் கூப்பிட்டாள். கையெழுத்து வைக்கிறேன், ஆனால் அதற்கு முதல் ஐயாவே அளந்து பார்க்க வேண்டும் என்றாள். இந்த மூடிக்குக் கீழே பன்னிரண்டு இருந்தால் பிழை என்னுடையது. றில்வான் குறுக்கே வந்து, எஞ்சின்தான் கெட்டுப்போச்சே, இனி அளந்து என்னத்துக்கு என்றான். அந்த நேரத்தில் ஐயாவுக்குள் இருந்த நில அளவையாளர் விழித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். முப்பத்தைந்து வருடம் அளந்தே சாப்பிட்டவர். அளக்காமல் முடிவு சொல்ல அவருக்கும் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

நிரஞ்சலா மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஹேண்டிலைச் சுற்றி எட்டாவது வால்வைத் திறந்து நிறுத்தினாள். பீலர் கேஜை ஐயாவின் கையில் கொடுத்து, ஒன்றாவதைப் பாருங்கள் என்றாள். பன்னிரண்டாம் தகடு நுழையவில்லை. எட்டு நுழையவில்லை. ஐந்து நுழையவில்லை. மூன்று நுழைந்தது. ஐயா ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். முதலாளி பக்கத்தில் நின்றார், கராஜில் வேறு யாரும் சுத்தியல் எடுக்கவில்லை. நான்காவதுக்கு வந்தபோது, இருப்பதிலேயே மெல்லிய தகட்டை வைத்துத் தள்ளிப் பார்த்தார். அது வளைந்து திரும்பி வந்தது. எரிந்துபோன வால்வு அதுதான்.

றில்வான் மட்டும் விடவில்லை. "இவதான் இப்படி வெச்சிருக்கா. பொம்பள வேல, வேறென்ன."

நிரஞ்சலா பொனட்டுக்குள் கையை நீட்டினாள். ஐயாவின் விரலைப் பிடிக்காத குறையாக, அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டினாள். திருகாணியின் மேல் பாதிக் கோடு, நட்டின் மேல் பாதிக் கோடு. நான் பூட்டும்போது இது ஒரே கோடு, யாராவது அசைத்தால் இரண்டாகப் போகும், அதற்குத்தான் போடுகிறேன் என்றாள். எட்டு ரொக்கரிலும் கோடு உடைந்து, ஒரு பாதி ஒரு பக்கமும் மறு பாதி இன்னொரு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றது. பொட்டு என்று நாங்கள் சிரித்தது இதைத்தான்.

செல்வரத்தினம் ஐயா குனிந்து எட்டுக் கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லைக்கல்லை நகர்த்தியிருக்கினம்" என்றார். அவருடைய தொழில் பாஷையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

பிறகு அவர் நிமிர்ந்து றில்வானைப் பார்த்தார். அன்றைக்குத் தான் கைதட்டியது அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும், பார்வை நிலைக்கவில்லை. நிரஞ்சலா அதையும் விடவில்லை.

"சத்தம் வேணாம்னு சொன்னது ஐயா. சரின்னு தலையாட்டுனது மொதலாளி. இறுக்கினது றில்வான். பேரு மட்டும் ஏன் என்னோடத எழுதுனீங்க?"

பேர் எழுத வசதியான ஆளின் பேரை எழுதினார்கள். தோட்டத்திலிருந்து வந்தவள், கேட்க ஆள் இல்லாதவள், பொம்பளை. முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இதெல்லாம் நடந்துவிடுகிறது.

ஐயாவுக்கு இன்னும் அந்தக் கடிதம் தேவைப்பட்டது. அவருடைய மானம் லீக்ஸ் லொறியில் வந்ததல்லவா. அப்படியானால் இவர் எழுதித் தரட்டும் என்று றில்வான் பக்கம் கையைக் காட்டினார். முதலாளி கடிதத்தை வாங்கி நிரஞ்சலாவின் பெயரை வெட்டிவிட்டு றில்வானின் பெயரை எழுதினார். றில்வான் பேனையை எடுத்தான். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லாப் போடு என்று நினைத்தேன்.

நிரஞ்சலா எட்டி அந்தத் தாளை எடுத்தாள். அவசரமில்லாமல் அதைக்கொண்டு பீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக எண்ணெய் போகத் துடைத்தாள். துடைத்துக் கசக்கிக் குப்பைத் தகரத்தில் போட்டாள்.

"இந்த கராஜ்ல யாரும் இதுல கையெழுத்துப் போட வேணாம்" என்றாள். "வால்வ றில்வானே அரைச்சு உக்கார வைக்கட்டும். நான் பன்னெண்டுக்கு வைக்கிறேன். சத்தம் வரும். ஐயாவுக்குச் சம்மதம்னா வண்டி இருக்கட்டும். இல்லன்னா வெலிமடைக்கு லொறி போகும், அதுலயே ஏத்திவிடுறேன்."

ஐயா அவளை உற்றுப் பார்த்தார். சிரிப்பாரா கத்துவாரா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை.

"பன்னிரண்டெண்டால் பன்னிரண்டுதான்" என்றார். "வையும்."

இரண்டு நாள் றில்வான் அந்த வால்வை அரைத்தான். அவள் வந்து பார்த்து, இன்னும் அரைங்க என்று சொல்லிவிட்டுப் போவாள். அவனும் அரைப்பான். முணுமுணுத்தான், ஆனால் அரைத்தான். எஞ்சினை ஓடவிட்டபோது டிக் டிக் சத்தம் என் கல்லாப்பெட்டி வரைக்கும் கேட்டது. ஐயா அதே காரில் தனியாக நுவரெலியாவுக்குப் போய் அதே காரில் திரும்பி வந்தார். யாரும் படம் பிடிக்கவில்லை.

அந்த வால்வை வாங்க அவள் என் கடைக்கு வந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சொல்லாமல் விட்டால் இதை எழுதியதில் அர்த்தமில்லை. கடிதத்தைக் குப்பையில் போட்ட அன்றே, பின்னேரம் வந்தாள். நான்காவதுக்குப் புகை வால்வு ஒன்று கேட்டாள். நான் எடுத்து வைத்தேன். அதை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, அன்று றில்வான் மூடியைக் கழற்றியது என் கடை பூட்டுகிறதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டாள். கராஜும் என் கல்லாவும் நேருக்கு நேர். அவளுக்கு என்னிடமிருந்து பதில் தேவைப்படவில்லை.

மன்னிச்சிடும்மா என்று தொடங்கினேன். வால்வைத் தாளில் சுற்றிக்கொண்டே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் நல்லையாண்ணே. எனக்கு அது புடிக்காது. அடுத்த தடவ பாத்தா, பாத்தேன்னு சொல்லுங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாதீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க."

சொல்றேன் என்றேன். இதோ, சொல்லிவிட்டேன்.